விடாப்பிடியும் விட்டுக்கொடுத்தலும்

வியாபாரத்தில் முன்னுக்கு வர நினைக்கும் ஓர் இளைஞன் நம் பெரியவர்களை அண்டிப் புத்திமதி கேட்டால், அவர்கள் வாயிலிருந்து முதலில் வரும் சொல் விடாமுயற்சி என்பதாகவே இருக்கும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். கப்பலேறி வந்து, அஞ்சடியில் துணி விரித்துச் சரக்குப் பரப்பி, பிற்பாடு சொந்தக் கடைக்கு உடையவர்களான முன்னோர்களின் பெயர்களை எடுத்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அந்தப் புத்திமதியில் ஒன்று மட்டும் சொல்லாமல் விடப்படுகிறது. எதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே அது.

ஒருவர் கல்லாப்பெட்டியின் சாவியை விடாமல் பிடித்திருக்கிறார். இன்னொருவர் தகப்பனார் காலத்துப் பழக்கத்தை விடாமல் பிடித்திருக்கிறார். மூன்றாமவர், வயது எழுபதைத் தாண்டிய பிறகும், உட்கார்ந்த நாற்காலியை விடாமல் பிடித்திருக்கிறார். இம்மூவரும் தம்மிடம் இருப்பது விடாமுயற்சி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் அதை விடாப்பிடி என்கிறார்கள். இரண்டு சொற்களும் ஒரு வேரில் பிறந்தவையே. ஆயினும் ஒன்று கடையை வளர்க்கிறது. மற்றது கடையை அதன் முதலாளியோடு சேர்த்து அடக்கம் செய்துவிடுகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே இருக்கிறது? தலைமை வகிப்பவன் எதைப் பிடித்திருக்க வேண்டும்? எதை விட்டுக்கொடுக்க வேண்டும்? இதுவே நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

இதற்கு நம் கடைத்தெருவிலிருந்தே உதாரணம் காட்டலாம். ஆனால் அறிந்தவர்களைப் பற்றிப் பேசும்போது உறவும் மனஸ்தாபமும் குறுக்கே வந்து நிற்கும். நியாயம் மறைந்து ஆள் மட்டுமே கண்ணுக்குத் தெரிவார். ஆகவே தூர தேசத்தில் நடந்த, நம்முடைய தொழிலோடு போட்டியில்லாத ஒரு வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். அது மென்பொருள் வியாபாரம்.

இன்று நம் கடைகளில் கணக்கு எழுதும் கணினியும், சரக்கு இருப்பைக் காட்டும் இயந்திரமும் தம் இஷ்டத்துக்கு வேலை செய்வதில்லை. இன்னதைக் கூட்டு, இன்னதைக் கழி, இன்னதை எடுத்துக் காட்டு என்று ஒருவர் வரிவரியாக எழுதி வைத்த கட்டளைகளின்படியே அவை நடக்கின்றன. அக்கட்டளைகளின் தொகுப்புக்குத்தான் மென்பொருள் என்று பெயர். அது கையால் தொட முடியாத சரக்கு. தராசில் நிறுத்துக் கொடுக்க முடியாத சரக்கு. அதை விற்றுப் பிழைக்கலாம் என்று உலகம் நம்பாத காலத்தில், 1962-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் ஒரு பெண்மணி அந்த வியாபாரத்தைத் தொடங்கினார். ஸ்டெஃபனி ஷெர்லி என்பது அவர் பெயர். 91 வயது வரை வாழ்ந்து, 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் காலமானார்.

அவர் 1933-ல் ஜெர்மனியில் டார்ட்முண்ட் நகரில் பிறந்தவர். தந்தையார் யூதர்; நீதிபதியாக இருந்தவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்த பின் அந்த உத்தியோகம் பறிபோயிற்று. 1939-ல், போர் மூளுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், யூதக் குழந்தைகளைக் காப்பாற்ற இங்கிலாந்துக்கு அனுப்பிய ரயில்களில் ஒன்றில், ஐந்து வயதான இவரும் ஒன்பது வயதான இவருடைய அக்காளும் பெற்றோரைப் பிரிந்து ஏற்றிவிடப்பட்டார்கள். முன்பின் அறியாத ஒரு தம்பதியர் இவர்களை வாங்கி வளர்த்தார்கள். தம்மைக் காப்பாற்றியது வீண்போகவில்லை என்னும்படி வாழ்ந்து காட்ட வேண்டும் என்ற எண்ணமே தம்மை நடத்திச் சென்றதாக அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். வீட்டை விட்டு, மொழியை விட்டுப் பிழைக்க வந்தவர்களின் வழியில் பிறந்த நமக்கு அந்த எண்ணம் விளங்காத ஒன்றல்ல.

படித்த பள்ளியில் பெண்களுக்குக் கணித வகுப்பு இல்லாததால், ஆண்கள் பள்ளிக்குப் போய் அதைப் படித்தார். பிறகு லண்டனில், டாலிஸ் ஹில் என்னுமிடத்தில் இருந்த தபால் இலாகாவின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஆறு ஆண்டுகள் பாடுபட்டுக் கணிதப் பட்டம் பெற்றார். திறமை இருந்தது, ஆனால் பெண் என்ற காரணத்தால் மேலே போகும் படிகள் அடைபட்டுக் கிடந்தன. 1962-ல் உத்தியோகத்தை விட்டுச் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தார். போட்ட முதல் 6 பவுண்டு. கடை என்று சொல்லத்தக்கது வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஆயுதம் ஒரு தொலைபேசி. ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்று தம் ஸ்தாபனத்துக்குப் பெயர் வைத்தார்.

இரண்டு காரணங்களுக்காக ஜனங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். முதலாவது, அக்காலத்தில் கணினி வாங்கினால் மென்பொருளை இனாமாகவே கொடுத்துவிடுவார்கள். அரிசி வாங்குகிறவன் சாக்குக்குத் தனி விலை கொடுப்பானா? ஐபிஎம் என்னும் மாபெரும் கம்பெனி, மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப் போவதாக அறிவித்ததே 1969-ஆம் ஆண்டில்தான். ஏழு வருஷங்களுக்கு முன்பே அந்தச் சரக்கை விலை கூறியவர் இவர். இரண்டாவது காரணம், அவர் வேலைக்கு வைத்த ஆட்கள். மணமாகிக் குழந்தை பெற்றபின் வேலையை விட்டு வீட்டிலிருந்த பெண்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். படித்தவர்கள், வேலை தெரிந்தவர்கள், ஆனால் தொட்டிலை விட்டு நகர முடியாதவர்கள். முதலில் சேர்ந்த 300 பேரில் ஆண்கள் மூவரே.

அவர்கள் வேலை செய்த விதத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். நம் விஷயத்தின் கரு அதில்தான் இருக்கிறது.

அப்போது வீட்டில் கணினி கிடையாது. வேலையை முதலில் பென்சிலும் காகிதமுமாகப் படம் போட்டு, எது முதலில், எது பிறகு, இப்படியானால் எந்த வழி, அப்படியானால் எந்த வழி என்று பிரித்துக்கொள்வார்கள். அதன் பிறகு கட்டளைகளை வரிவரியாக எழுதுவார்கள். எழுதியதைத் தபாலில் ஒரு நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அதைக் காகித நாடாவிலோ அட்டையிலோ துளைகளாகக் குத்துவார்கள். ஒருமுறை குத்தியதோடு விடுவதில்லை; சரிதானா என்று பார்க்க மறுமுறையும் குத்துவார்கள். இவ்வளவும் முடிந்த பின்னரே அது கணினியின் பக்கம் போகும். சரக்கு ரயில்களுக்கு நேரம் வகுக்கும் வேலையையும், ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறந்த கன்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான வேலையையும் இப்படித்தான் செய்தார்கள். அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்து செய்தார்கள்.

இனி நம் கேள்விக்கு வருவோம்.

உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்பது நம் பழமொழி. நம் கடைகள் எல்லாம் இந்தப் பழமொழியின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. முதலாளியின் நாற்காலி எங்கே போடப்படுகிறது? வாசலும் கல்லாவும் ஒருங்கே கண்ணில் படும் இடத்தில். அவர் ஊருக்குப் போனால் தம்பி அங்கே உட்காருவார். தம்பி இல்லாவிட்டால் மைத்துனர் உட்காருவார். ஆள் மாறினாலும் கண் மாறக் கூடாது. இதில் நாம் குறை காணவில்லை. கண்ணுக்கு எட்டிய வியாபாரத்துக்குக் கண்ணே போதும்.

ஆனால் அந்தப் பெண்மணியின் கண்ணுக்கு ஒருவரும் எட்டவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் நூற்றுக்கணக்கான வீடுகளில் இருந்தார்கள். இன்று காலை எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்கினாய் என்று கேட்க வழியில்லை; கேட்பதற்கு அர்த்தமும் இல்லை. குழந்தை தூங்கிய நேரமே வேலை நேரம். அப்படியானால் கண் இருந்த இடத்தில் அவர் எதை வைத்தார்?

கணக்கை வைத்தார் என்பதே நாம் கண்ட விடை. செய்ய வேண்டிய வேலை இன்னது என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதிக் கொடுத்தார். வேலை எப்படி நடத்தப்பட வேண்டும், எங்கெங்கே சோதிக்கப்பட வேண்டும் என்பதற்கு ஆரம்பத்திலேயே விதிமுறைகள் வகுத்தார். வாடிக்கைக்காரரிடமும், இத்தனை மணி நேரத்துக்கு இத்தனை கூலி என்று பேசாமல், முழு வேலைக்கும் சேர்த்து ஒரே விலை என்று பேசினார். வேலை செய்தவர் காலையில் செய்தாரா நள்ளிரவில் செய்தாரா என்ற கேள்வி அதனோடு ஒழிந்தது. வந்து சேர்ந்த வேலை சரியாக இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி.

நம்பிக்கை வைப்பது என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அதனால்தான், கடைச் சிப்பந்தியை நம்பிக் கெட்டேன் என்று ஒருவர் சொல்லும்போது நாமும் தலையசைக்கிறோம். ஆனால் அவர் உண்மையில் நம்பினாரா, அல்லது சோம்பலினால் பாராமல் இருந்தாரா என்று கேட்பதில்லை. அமானிதம் என்ற சொல் நம் மக்களிடம் வழங்குகிறது. ஒருவரிடம் ஒரு பொருளை அமானிதமாக வைக்கும்போது, என்ன பொருள், எவ்வளவு என்று இரு தரப்பும் அறிந்தே வைக்கிறார்கள். திரும்பப் பெறும்போதும் அறிந்தே பெறுகிறார்கள். நடுவில் மட்டும் கதவைத் தட்டித் தொந்தரவு செய்வதில்லை. ஆரம்பத்திலும் முடிவிலும் கணக்கு, நடுவில் சுதந்திரம் என்பதே நம்பிக்கையின் ஒழுங்கு. நம்மில் சிலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வேலையை ஒப்படைக்கும்போது தெளிவாகச் சொல்வதில்லை, முடிந்தபின் சோதிப்பதில்லை, நடுவில் மட்டும் நிமிஷத்துக்கு நிமிஷம் குறுக்கிடுகிறோம். அதற்குப் பெயர் கண்காணிப்பு என்று வைத்திருக்கிறோம்.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தம் சொந்தப் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராமையால், அவர் ஸ்டீவ் என்று ஆண் பெயர் போலக் கையெழுத்திட்டு எழுதலானார், கதவுகள் திறந்தன. தொலைபேசியில் பேசும்போது குழந்தையின் அழுகுரல் கேட்காதிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவு செய்து பின்னணியில் ஓடவிட்டார். இது வஞ்சனை ஆகாதா என்று நம் அன்பர்கள் கேட்கலாம். விற்ற சரக்கில் மறைப்பு இல்லை. சொன்ன விலையில் மறைப்பு இல்லை. வாங்கியவர் ஒரு காசும் இழக்கவில்லை. சரக்கைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து விலக்கும் உலகத்தில், சரக்கைப் பார்க்க வைப்பதற்குச் செய்த உபாயம் அது. ஆயினும் இதை எல்லோருக்கும் விதியாக நாம் சொல்லத் துணியவில்லை. அப்படி ஒரு திரை தேவைப்பட்டதே என்பதற்கு வெட்கப்பட வேண்டியது அன்றைய கடைத்தெருதான்.

விடாமுயற்சியைப் பற்றி இந்த வரலாறு சொல்லும் இன்னொரு பாடமும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வியாபார மந்தம் வந்தபோது, வேலை குறைந்து, கம்பெனி மூழ்கும் நிலைக்கு வந்தது. அதையும் தாண்டியபின், 1975-ல் ஆண் பெண் பேதம் காட்டி வேலை கொடுக்கலாகாது என்று சட்டம் பிறந்தது. பெண்களுக்கு நியாயம் செய்ய வந்த அந்தச் சட்டமே, பெண்களுக்கென்று நடந்த கம்பெனியைச் சட்டத்துக்குப் புறம்பாக்கிவிட்டது! பிடிவாதம் உள்ளவராயிருந்தால் கோர்ட்டுக்குப் போயிருப்பார். அல்லது கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியிருப்பார். அவரோ ஆண்களையும் சேர்த்துக்கொண்டு நடத்தினார். வீட்டில் கட்டுண்டு கிடந்தவர்களின் திறமை வீணாகக் கூடாது என்பது அவருடைய நோக்கம். பெண்களை மட்டுமே சேர்ப்பது அந்த நோக்கத்துக்கு ஏற்பட்ட வழி. வழி அடைபட்டதும் வழியை விட்டார், நோக்கத்தை விடவில்லை.

நாம் முதலில் தேடிய எல்லைக்கோடு இங்கே தெரிகிறது. நோக்கத்தை விடாதிருப்பது விடாமுயற்சி. வழியை விடாதிருப்பது விடாப்பிடி. மொத்த வியாபாரம் செய்த தகப்பனாரின் நோக்கம், ஊராருக்கு நல்ல சரக்கை நியாய விலையில் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பது. குறிப்பிட்ட தெருவில், குறிப்பிட்ட நாற்காலியில், குறிப்பிட்ட பேரேட்டில் எழுதிச் செய்தது அவருடைய வழி. பிள்ளைகள் பலர் வழியைப் பூட்டிப் பாதுகாக்கிறார்கள். நோக்கம் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறது.

அடுத்து வருவது எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. விட்டுக்கொடுப்பது எதுவரை? அதிகாரத்தில் சிறிது விட்டுக்கொடுக்கலாம் என்று சம்மதிக்கும் முதலாளிகூட, உடைமை என்றதும் கையை இறுக்கிக்கொள்கிறார்.

அந்தப் பெண்மணி தம் ஸ்தாபனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை, வேறெவருக்கும் செலவில்லாமல் தம் கையிலிருந்தே ஊழியர்களுக்கு உரிமையாக்கினார். கம்பெனி வளர்ந்து பங்குகளின் மதிப்பு உயர்ந்தபோது, ஊழியர்களில் 70 பேர் பத்து லட்சத்துக்கு அதிபதிகளானார்கள். பின்னாளில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்த ஸ்தாபனமாக அது விளங்கியது. அதன் மதிப்பு ஒரு காலத்தில் 300 கோடி டாலரைத் தாண்டியது. 6 பவுண்டில் தொடங்கியது இவ்வளவாயிற்று.

கொடுத்தது தருமமா, கடனா? இதுவே கேள்வி.

கூலியைத்தான் மாதாமாதம் கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன பாக்கி என்று ஒரு முதலாளி கேட்கலாம். சட்டப்படி அவர் கேட்பது சரி. ஆனால் வியாபாரிகளாகிய நமக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு கடையைக் கைமாற்றும்போது, சரக்குக்கு விலை போடுகிறோம். அலமாரிக்கும் தராசுக்கும் விலை போடுகிறோம். வரவேண்டிய பாக்கியைக் கணக்கிடுகிறோம். எல்லாவற்றையும் கூட்டிய பிறகு அதற்கு மேல் ஒரு தொகை பேசுகிறோம். அது எதற்கு? கடையின் பேருக்கு. நாளைக் காலை கதவைத் திறந்தால் வாடிக்கைக்காரர் வருவார் என்ற உறுதிக்கு.

அந்தப் பேரை உண்டாக்கியவர் யார்? முதலாளி உண்டாக்கினார் என்பது பாதி உண்மை. இருபது ஆண்டுகளாக அதே இடத்தில் நின்று, இந்த வீட்டம்மாவுக்கு எந்த மசாலா பிடிக்கும், அந்தப் பெரியவருக்கு எந்த அளவில் வேட்டி வேண்டும், எவருக்குக் கடன் கொடுக்கலாம், எவருக்குக் கொடுக்கலாகாது என்று மனத்தில் எழுதி வைத்திருந்த சிப்பந்தி உண்டாக்கியது மறுபாதி. அன்றன்றைய வேலைக்குக் கூலி கொடுத்தோம், மெய்தான். அந்த வேலையிலிருந்து நாளுக்கு நாள் சிறிது சிறிதாகச் சேர்ந்த பேருக்கு யார் என்ன கொடுத்தார்? நம் ஐந்தொகையில் அந்த வரி எழுதப்படவே இல்லை. எழுதப்படாமையால் கடன் இல்லையென்று ஆகிவிடுமா?

மென்பொருள் வியாபாரத்தில் இந்த உண்மை பளிச்சென்று தெரிகிறது. நம் கடையில் சரக்கு மூட்டைகள் அதை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கம்பெனியிலிருந்து வேலை செய்த பெண்களைக் கழித்துவிட்டால் மீதி என்ன? ஒரு மேசையும் ஒரு தொலைபேசியும்தான். ஆகவே அவர் பங்கு கொடுத்ததைத் தருமம் என்று நாம் சொல்லமாட்டோம். எழுதாத ஒரு கடனை எழுதித் தீர்த்தார் என்றே சொல்வோம்.

இதற்கு மறுப்புகள் உண்டு; அவற்றையும் கேட்டாக வேண்டும். ஒன்று: அவர் ஜெயித்தார், ஆகையால் பேசுகிறோம்; இப்படியே நம்பிப் பங்கு கொடுத்துத் தெருவுக்கு வந்தவர்களை யார் எழுதுகிறார்கள்? நல்ல கேள்வி. ஜெயித்தவனின் கதையை மட்டும் கேட்டுப் பாடம் படிப்பது, கரை சேர்ந்த தோணியை மட்டும் எண்ணிக் கடலை அளப்பது போன்றது. ஆகவே பங்கு கொடுத்தால் பணம் பெருகும் என்று நாம் வாக்குறுதி தரவில்லை. கடனைத் தீர்ப்பதற்குக் காரணம் லாபம் அல்ல. அது கடன் என்பதே காரணம். லாபம் வந்தால் நல்லது.

இரண்டு: நம் சிப்பந்திகள் நிலைத்திருப்பதில்லை, தொழிலைக் கற்றதும் எதிர்த்த கடை போடுகிறார்கள். நடக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் காரணத்தையும் யோசிக்க வேண்டும். பத்து வருஷம் உழைத்தும் தனக்கென்று ஒரு சதுர அடியும் இங்கே இல்லை என்று கண்டவன், எதிர்த்த பக்கத்தில் ஒரு சதுர அடி தேடிப் போகிறான். உள்ளேயே ஒரு பங்கு இருந்தால் எல்லோரும் நின்றுவிடுவார்கள் என்று சொல்லமாட்டோம், சிலர் நிற்பார்கள். அந்தச் சிலரே ஒரு கடைக்குப் போதும்.

மூன்று: எல்லாக் கடைக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. இரண்டு பேர் நிற்கும் ஒட்டுக்கடையில் பங்குப் பத்திரம் எழுத முடியாது. ஆனால் வருஷக் கடைசியில் லாபத்தில் ஒரு பாகம் கொடுக்கலாம். பழைய சிப்பந்தி ஊர் திரும்பும்போது, கைச்செலவுக்கு என்று எதையோ மடித்துக் கொடுக்காமல், இத்தனை வருஷத்துக்கு இத்தனை என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கலாம். இரக்கப்பட்டுக் கொடுப்பதற்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பதற்கும் வாங்குகிறவன் முகத்தில் வித்தியாசம் தெரியும்.

இனி, நாற்காலியைப் பற்றி. அந்தப் பெண்மணியின் ஒரே மகன் ஜைல்ஸ் 1963-ல் பிறந்தான். இரண்டரை வயதில், பேசிய சில சொற்களையும் மறந்துபோனான். ஆட்டிசம் என்னும் குறைபாடு கடுமையாக இருந்தது. பிறகு வலிப்பும் சேர்ந்துகொண்டது. கம்பெனியையும் பிள்ளையையும் ஒருசேரத் தாங்கிய அவர், ஒரு கட்டத்தில் உடலும் மனமும் தளர்ந்து ஆஸ்பத்திரியில் கிடக்க நேர்ந்தது. எவ்வளவு உறுதி உள்ளவருக்கும் அப்படி ஒரு நாள் வரும். அன்று கடையை யார் திறப்பார் என்பதே தலைமைக்கு வைக்கும் பரீட்சை. அவருடைய கடை திறந்திருந்தது. ஏனென்றால் அது முதற்கொண்டே அவர் கண்ணை நம்பி நடந்த கடையன்று.

1985-ல் நிர்வாகத் தலைமையை ஹிலரி கிராப்பர் என்னும் பெண்மணியிடம் ஒப்படைத்தார். 1993-ல், 60-ஆவது வயதில், அடியோடு விலகினார். அதற்குப் பின்னும் கம்பெனி வளர்ந்தது. ஸான்ஸா என்று பெயர் மாறியது. 2007-ல் ஸ்டீரியா என்னும் பிரெஞ்சு ஸ்தாபனம் அதை வாங்கியது. அவர் வைத்த பெயரும் இன்று இல்லை. கட்டிய கம்பெனியும் தனியாக இல்லை. பெயர்ப்பலகை என்றைக்கும் இருக்க வேண்டும் என்பதற்காகவே கடையைப் பிடித்துக்கொண்டு கிடப்பவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

மகன் 1998-ல், 35 வயதில் இறந்தான். சேர்த்த செல்வத்தின் பெரும்பகுதியை, கிட்டத்தட்ட 7 கோடி பவுண்டை, அவர் கொடுத்துவிட்டார். அதில் மிகுதியும் ஆட்டிசம் உள்ளவர்களுக்கான பள்ளி, பராமரிப்பு, ஆராய்ச்சி ஆகியவற்றுக்குப் போயிற்று. 2012-ல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றுக்கு, விட்டுவிடு என்று பொருள்படும் பெயரையே அவர் வைத்தார். அறுபது வருஷம் எதையும் விடாத ஒருவர் தம் கதைக்கு வைத்த பெயர் அது! முரண்பாடு போலத் தோன்றும், முரண்பாடு இல்லை. சாவியை விட்டார், பங்கை விட்டார், நாற்காலியை விட்டார், கடைசியில் பணத்தையும் விட்டார். காப்பாற்றப்பட்டவர் பிறரைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒன்றை மட்டும் விடவில்லை.

நம் கடைத்தெருக்களில் இன்று கேட்கும் பேச்சு நம் அன்பர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் படித்து வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். எனக்குப் பிறகு இந்தக் கடையைப் பார்க்க ஆளில்லை என்பதே அது. ஆளில்லை என்று சொல்லும் முதலாளிக்குப் பத்தடி தூரத்தில், அந்தக் கடையின் ஒவ்வொரு மூலையும் தெரிந்த ஓர் ஆள் நின்றுகொண்டிருக்கிறான். அவன் ஆள் கணக்கில் சேரவில்லை. சிப்பந்தி கணக்கில் இருக்கிறான்.

ஆகவே, வருஷக் கணக்கு முடிக்கும் சமயத்தில் மூன்று கேள்விகளைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்படி நம் வியாபார அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நான் ஒரு மாதம் படுத்துவிட்டால் இந்தக் கடை நடக்குமா? நடக்காது என்றால், யாருக்கு எதைச் சொல்லிக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்? இந்தக் கடையின் பேரில் பாதியை உண்டாக்கியவர்களுக்கு என் கணக்கில் எத்தனை வெள்ளி எழுதியிருக்கிறேன்?

முதலிரண்டு கேள்விகளுக்கு விடை காண ஆறு மாதம் ஆகலாம். மூன்றாவதற்கு ஒரு பேனாவும், ஒரு மாலைப் பொழுதும் போதும்.